வாடகை சைக்கிள், வாடகைக் கூடாரம்: திருவான்மியூரில் இருந்து வேளாங்கண்ணி வரை

பொங்கல் முடிந்த கையோடு நான், பாலா, இர்பான், ஜோசப் என்று நாங்கள் நாலு பேர் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வேளாங்கண்ணி வரை சைக்கிளில் போனோம். நாலு பகல், மூன்று இரவு. யாரிடமும் டூருக்கு ஏற்ற சைக்கிள் கிடையாது, கூடாரமும் கிடையாது. அதனால் தென்சென்னையில் ஒரு வாடகைக் கடையில் 'டூரிங் செட்' என்று ஒன்று எடுத்தோம். இது அந்த செட்டைப் பற்றிய விமர்சனம். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே சாமானை இதே மாதிரி வாடகைக்கு விடுகிற கடைகள் இப்போது பல ஊரில் இருக்கின்றன, எங்கே எடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 700 ரூபாய், முன்பணம் 5000. அதற்குக் கொடுத்தது: 21 கியர் ஹைப்ரிட் சைக்கிள், பின் கேரியர், அதன் இரண்டு பக்கமும் தொங்குகிற பைகள், ஹெல்மெட், முன் பின் விளக்கு. நாலு பேருக்கும் பொதுவாக இரண்டு கூடாரம், பாய்கள், ஒரு கேஸ் அடுப்பு. பஞ்சர் சாமான் ஒரு பையில் தனியாக.

முதலில் சைக்கிள். குறை சொல்ல மனசு வரவில்லை. 38 மில்லிமீட்டர் அகல டயர், நல்ல பிடிமானம் உள்ளது, சாலையில் சுலபமாக உருண்டு போகிறது, மாமல்லபுரம் தாண்டி நாலு வழிச்சாலை வேலை நடக்கிற இடங்களில் ஜல்லியில் இறங்கினாலும் பதறவில்லை. இன்னொரு நல்ல விஷயம், ட்யூபில் இருந்தது மோட்டார் சைக்கிளில் இருக்கிற அதே வால்வு. விலை கூடின சைக்கிள்களில் வரும் ஒல்லி வால்வாக இருந்தால் வழியில் எந்த பஞ்சர் கடையிலும் காற்று ஏற்ற முடியாது, அடாப்டர் வேண்டும். எங்களுக்கு நாலு நாளில் ஐந்து பஞ்சர், ஐந்தும் சீமைக் கருவேல முள். சாலை ஓரத்தில் சைக்கிளைச் சாய்க்கும் முன் தரையைப் பாருங்கள், அவ்வளவுதான். நாங்கள் மூன்றாவது பஞ்சருக்கு அப்புறம்தான் பார்க்க ஆரம்பித்தோம்.

சீட் மட்டும் கொடுமை. மெத்தென்று ஜெல் கவர் போட்டுக் கொடுத்தார்கள், கடையில் உட்கார்ந்து பார்த்தபோது சோபா மாதிரி இருந்தது, கொஞ்ச தூரம் போனதும் வியர்வையில் ஊறி உரசி எல்லாரும் பெடல்மேல் எழுந்து நின்றுகொண்டே வந்தோம். கோவளத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்ப ஏறும்போது பாலா போட்ட சத்தத்தை இங்கே எழுத முடியாது. வீட்டில் பழகின சீட் இருந்தால் கழற்றிக் கொண்டுபோய்க் கடையில் மாட்டச் சொல்லுங்கள், மாட்டித் தருகிறார்கள்.

இப்போது கேரியர். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த டூரில் எங்கள் நேரத்தைத் தின்றது இதுதான். சைக்கிளில் டிஸ்க் பிரேக். பின் சக்கரத்தில் இடது பக்கம் பிரேக்கின் காலிபர், அதாவது வட்டத் தகட்டைக் கவ்விப் பிடிக்கிற பாகம், துருத்திக்கொண்டு நிற்கிறது. அதனால் கேரியரின் கால் ஃபிரேமோடு ஒட்டி உட்காரவில்லை. கடைக்காரர்கள் என்ன செய்திருந்தார்கள் என்றால், ஒரு நீள போல்ட்டைப் போட்டு நடுவில் ஆறேழு வாஷரை அடுக்கி இடைவெளியை நிரப்பியிருந்தார்கள். பார்க்க ஒன்றும் தெரியாது. ஆனால் 12 கிலோ சாமானைத் தொங்கவிட்டு ஓட்டினால் ஒவ்வொரு குழியிலும் அந்த போல்ட் கொஞ்சம் வளைந்து வளைந்து நிமிரும். போல்ட் ஃபிரேமை ஒட்டி இருந்தால் தாங்கும், ஒரு விரல் தள்ளி நின்றால் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

ஒரு நாளுக்குக் கொஞ்சம் மேல் தாங்கியது. இரண்டாம் நாள் காலை மரக்காணம் உப்பளங்களைத் தாண்டும்போது இர்பான் சைக்கிளில் டக் என்று ஒரு சத்தம், பை சரிந்து சக்கரத்தில் உரசியது. இறங்கிப் பார்த்தால் போல்ட்டின் தலை இல்லை, தண்டு ஃபிரேமின் ஓட்டைக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் பாத்திகளைச் சரிசெய்து கொண்டிருந்தார்கள், நிழல் என்று ஒரு மரம் கிடையாது. கேபிள் டையும் கட்டுக்கம்பியும் போட்டு இறுக்கி, இரண்டு பைகளையும் மற்ற மூன்று பேரும் பங்கு போட்டுக்கொண்டு, ஊருக்குள் தள்ளிக்கொண்டே வந்தோம். டூவீலர் மெக்கானிக் ஒருவர் உடைந்த தண்டில் ரம்பத்தால் ஒரு கீறல் போட்டு ஸ்குரூ டிரைவரை வைத்துத் திருகி எடுத்தார். அதுவே முக்கால் மணி நேரம். அப்புறம் எட்டாம் நம்பர் ஸ்பேனர் போல்ட் ஒன்றை எடுத்து, வாஷர் அடுக்கை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு சின்ன இரும்புக் குழாயை அறுத்து நடுவில் கொடுத்தார். "தம்பி, வாஷர் ஒவ்வொண்ணும் தனித்தனியா ஆடும், குழா ஆடாது" என்றார். 60 ரூபாய். மற்ற மூன்று சைக்கிளுக்கும் அங்கேயே அதே வேலையைச் செய்துகொண்டோம். அதற்கப்புறம் வேளாங்கண்ணி வரை கேரியர் அசையவில்லை.

இந்தக் கூத்தில் பாண்டிச்சேரியில் நிற்கவே முடியாமல் போனது, கடலூர் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. கூடாரம் போட இடம் தேடும் தெம்பு யாருக்கும் இல்லை, லாட்ஜில் ரூம் போட்டுவிட்டோம்.

பக்கப் பைகள் பரவாயில்லை. தண்ணீர் இறங்கவில்லை, கொக்கிதான் கடகடவென்று ஆடுகிறது, பழைய ட்யூபை வெட்டிக் கொக்கிக்குள் செருகினால் நிற்கும். கால் பெரிதாக இருப்பவர்களுக்குக் குதிகால் பையில் இடிக்கும், பையைப் பின்னால் தள்ளி மாட்ட வேண்டும். கனமானதைக் கீழே வையுங்கள். இதைச் சொன்னால் கேட்காத ஆள் எங்கள் கூட்டத்தில் ஒருவன் இருந்தான், மூன்றாம் நாள் கேட்டான்.

அது ஜோசப். ஆள் 92 கிலோ, பையில் அவன் எதற்கோ எடுத்துவந்த இரண்டு ஜீன்ஸ். சிதம்பரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவனுக்குப் பின் சக்கரத்தில் ஒரு ஸ்போக்ஸ் போனது. பாரம் ஏற்றின சைக்கிளில் ஸ்போக்ஸ் போனால் பெரும்பாலும் பின் சக்கரத்தில் பல்சக்கரம் இருக்கிற பக்கம்தான் போகும், அங்கேதான் இழுப்பு அதிகம். அதை மாற்ற வேண்டுமானால் பல்சக்கரத்தைக் கழற்ற வேண்டும், கியர் சைக்கிளின் பல்சக்கரத்துக்கு ஒரு தனிச் சாவி உண்டு, அது கடை கொடுத்த பையில் இல்லை, மாற்று ஸ்போக்ஸும் இல்லை. பஸ் நிலையம் பக்கம் ஒரு வயசான சைக்கிள் கடைக்காரர் உடைந்ததை முறுக்கி எடுத்துவிட்டு, அக்கம்பக்கத்து ஸ்போக்ஸ்களை இறுக்கித் தளர்த்தி கோட்டம் எடுத்துக் கொடுத்தார். "ஜீன்ஸ பஸ்ல அனுப்பு தம்பி, சக்கரம் ஊர் போய்ச் சேரும்" என்று சொல்லி 50 ரூபாய் வாங்கிக்கொண்டார். சேர்ந்தது.

கூடாரம் இரண்டும் ஒரே மாதிரி இல்லை, இது கடையில் எடுக்கும்போது எங்களுக்கு உறைக்கவில்லை. ஒன்று இரட்டைத் துணி: உள்ளே வலை, மேலே தனியாக மழைத்துணி. இன்னொன்று ஒற்றைத் துணி. முதல் இரவு கடப்பாக்கம் பக்கம், ஆலம்பரைக் கோட்டையைப் பார்த்துவிட்டு, உரிமையாளரிடம் கேட்டு ஒரு சவுக்குத் தோப்பில் போட்டோம். கோட்டை இடிந்த சுவர்கள்தான், 2004 சுனாமியிலும் கொஞ்சம் போனது என்கிறார்கள், ஆனால் கழிமுகத்தைப் பார்த்து சாயங்காலம் உட்கார அருமையான இடம். தோப்பில் தரை கெட்டி, ஆணி கச்சிதமாக இறங்கியது, சவுக்கு இலை மெத்தை. இது வரைக்கும் சுகம். தை மாதப் பனி தெரியும் இல்லையா, விடியற்காலை நாலரைக்கு பாலா "மச்சான் மழைடா" என்று எழுப்பினான். வெளியே மழை இல்லை. ஒற்றைத் துணிக் கூடாரத்துக்குள் இரண்டு பேர் விட்ட மூச்சு, குளிர்ந்த துணியில் பட்டு நீராகி, கை பட்டதும் முகத்தில் கொட்டியிருக்கிறது. பக்கத்தில் இரட்டைத் துணிக்குள் படுத்திருந்த நானும் இர்பானும் காய்ந்துபோய் இருந்தோம். மேல்துணி நனைந்துதான் இருந்தது, உள்ளே வரவில்லை. ஆகவே கடையில் கூடாரத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், இரட்டைத் துணி இல்லை என்றால் வாங்காதீர்கள்.

மூன்றாம் இரவு பூம்புகாருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மீனவர் குப்பத்தில், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு மணலில் போட்டோம். கடை கொடுத்த ஆணி ஒரு சாண் நீளக் கம்பி, மணலில் குத்தினால் வெண்ணெயில் குத்தின மாதிரி, காற்று ஒரு தரம் அடித்ததும் கூடாரம் உருண்டுவிட்டது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார், அப்புறம் தாங்காமல் எழுந்து வந்தார். நாலு சவுக்குக் குச்சியை முழ நீளத்துக்கு ஒடித்தார். கயிற்றைக் குச்சியின் நடுவில் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, குச்சியைப் படுக்கவைத்து மணலை மூடிக் காலால் மிதித்தார். நான் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. குச்சி இல்லாவிட்டால் மளிகைக் கடைப் பையில் மணலை நிரப்பிப் புதைத்தாலும் இதே வேலைதான் என்றார். போகும்போது விளக்கைக் கடல் பக்கம் அடிக்க வேண்டாம், பங்குனி ஆமை முட்டையிட ஏறுகிற காலம், வெளிச்சம் பார்த்தால் திரும்பிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ரொம்ப நேரம் முழித்துக் கிடந்தோம். ஆமை வரவில்லை.

அடுப்பைப் பற்றி ஒரே வரி: எடுக்காதீர்கள். இந்தச் சாலையில் ஏழெட்டு கிலோமீட்டருக்கு ஒரு இட்லிக் கடை, கடற்கரைக் காற்றில் இரண்டு டம்ளர் தண்ணீர் கொதிக்க இருபது நிமிஷம். காற்றை மறைக்க அட்டையை ஒட்டிச் சுற்றிவைக்கலாமே என்று தோன்றும், கேஸ் குப்பி அடுப்புக்கு நேர் கீழே இருக்கிற மாடலில் அதைச் செய்யவே கூடாது, குப்பி சூடேறும்.

தெற்கு நோக்கிப் போகிறவர்களுக்கு தை மாதம்தான் சரியான மாதம். வாடைக்காற்று முதுகுப் பக்கம் தள்ளுகிறது, நாலாம் நாள் தரங்கம்பாடியில் டேனிஷ்காரன் 1620இல் கட்டின கோட்டையின் எதிரே உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிட்டு, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் என்று மிதிக்காமலே வந்த மாதிரி வந்தோம். இதே சாலையில் வேளாங்கண்ணியில் இருந்து சென்னைக்கு அந்த மாதத்தில் மிதிக்கலாம் என்று யாராவது திட்டம் போட்டால் அவர் எனக்கு நண்பர் இல்லை.

திரும்பினது ஆம்னி பஸ்ஸில். முன் சக்கரத்தைக் கழற்றி ஃபிரேமோடு கட்டினால் நாலு சைக்கிளும் கீழே டிக்கியில் போய்விடுகின்றன, சைக்கிளுக்கு 300 கேட்டு 200க்கு இறங்கினார்கள். டிஸ்க் பிரேக் சைக்கிளில் சக்கரத்தைக் கழற்றின பிறகு பிரேக் பட்டைகளுக்கு நடுவே ஒரு மடித்த அட்டையைச் செருகிவையுங்கள்.

கடையில் சாமானை ஒப்படைத்தபோது கேரியர் விஷயத்தைச் சொன்னேன். பையன் குனிந்து மரக்காணத்துக் குழாயைப் பார்த்தான், போட்டோ எடுத்துக்கொண்டான், மன்னிப்பு என்று ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் செயின் துரு பிடித்துவிட்டது என்று ஆளுக்கு 400 ரூபாய் முன்பணத்தில் பிடித்தார்கள். கடல் ஓரம் ஓட்டுகிற செயினுக்கு நாலு நாளைக்கு ஒரு சொட்டு எண்ணெய் கொடுத்தனுப்பாமல் துருவுக்குக் காசு பிடித்தால் எப்படி என்று கேட்டு, மரக்காணத்தில் கொடுத்த பில் இல்லாத கணக்கையும் சொல்லி, அரை மணி நேரம் நின்று 200 ஆக்கினோம். அடுத்த தடவையும் சைக்கிளை அங்கேதான் எடுப்பேன். கேரியர் சொந்தமாக வாங்கியாகிவிட்டது, டிஸ்க் பிரேக்குக்கு என்றே காலை வெளியே வளைத்துச் செய்தது.