பிளானும் அவர்களே, கட்டுவதும் அவர்களே

திருவானைக்காவலில் அப்பா என் பேரில் வாங்கிப் போட்ட 30-க்கு 60 மனை ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து இந்த முறை போனதே அதில் வீடு கட்ட ஆள் பார்க்கத்தான். மேஸ்திரியிடம் விட்டால் தினமும் யாராவது மனையில் நிற்க வேண்டும். எங்களுக்கு அது ஆகாது. அதனால் பிளான் போடுவதிலிருந்து சாவி கொடுப்பது வரை எல்லாம் தாங்களே பார்க்கிற ஒரு கம்பெனியில் பேசினோம். ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர் எல்லோரும் அங்கே சம்பளத்துக்கு இருப்பவர்கள்.

ஆர்க்கிடெக்ட் ஓர் இளம்பெண். பேனாவை எடுக்கும் முன்பே மனையைப் பார்க்க வந்துவிட்டார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற தீவு அது. "சாயில் டெஸ்ட் எடுக்காம அஸ்திவாரம் எவ்வளவு ஆழம்னு சொல்ல மாட்டேன் சார்" என்றார். அம்மா கேட்ட அக்னி மூலைச் சமையலறை சுலபமாக அமைந்தது. மேற்குப் பார்த்த மனை என்பதால் வெயில்தான் பிரச்சினை. படிக்கட்டையும் போர்டிகோவையும் முன்னால் வைத்து ஹாலைப் பின்னுக்குத் தள்ளினார். பால்கனியை இன்னும் இரண்டடி நீட்டலாமா என்று கேட்டேன். பக்கத்து மேஜை இன்ஜினியரைக் கூப்பிட்டுக் கணக்குப் போட்டு, கம்பிக்கும் காங்கிரீட்டுக்கும் எவ்வளவு கூடும் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். நீட்டவில்லை! ஒரே கூரைக்குக் கீழ் எல்லோரும் இருப்பதன் லாபம் இதுதான்.

அனுமதியும் இப்போது எளிது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு, தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில், அதாவது விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நாமே உறுதி கொடுத்து, ஆன்லைனிலேயே வாங்கலாம். ஆனால் பிளானை மீறிக் கட்டினால் பதில் சொல்ல வேண்டியது நாம்தான்.

சரி, உறுத்தியது எது? "டிசைன் இலவசம்" என்றார்கள். சதுர அடி ரேட்டுக்குள் அது ஒளிந்திருக்கிறது. வேலையை அவர்களுக்குக் கொடுக்காவிட்டால் கலர் படம் மட்டும்தான் கையில் கிடைக்கும், அளவு போட்ட வரைபடம் வராது. வரைபடத்துக்குத் தனியாகப் பணம் தருகிறேன், அது எங்களுக்கே சொந்தம் என்று எழுதுங்கள் என்றேன். மேனேஜர் முகம் சுருங்கியது. அப்புறம் ஒத்துக்கொண்டார். சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர் எதுவும் ரேட்டில் சேராது என்பதையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பெரிய சிக்கல் வேறு. தனி ஆர்க்கிடெக்ட் வைத்தால், கான்ட்ராக்டர் கம்பியைக் குறைத்தால் அவர் நம் பக்கம் நின்று கேட்பார். இந்தக் கம்பெனியில் ஆர்க்கிடெக்டுக்குச் சம்பளம் கொடுப்பவரே கட்டுகிறவர். அந்தப் பெண் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் முதலாளியை எதிர்த்து எனக்காகப் பேசுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதனால் ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை இன்ஜினியர் ஒருவரைக் கட்டணம் பேசி அமர்த்தினோம். அஸ்திவாரத்துக்கும் தளத்துக்கும் காங்கிரீட் போடும் முன் கம்பியை அவர் பார்ப்பார். அவர் சரி என்றால்தான் அந்தக் கட்டத்துக்குப் பணம்.

பதிவு எண்ணையும் கேளுங்கள். 1972 சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிந்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளலாம். இதற்கு முன் போன இன்னோர் இடத்தில் எண் கேட்டதும் டீ வந்தது, எண் வரவில்லை.

இனி ஊரில் எனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட மாமாவுக்குப் பவர் எழுத வேண்டும். இங்கே சிங்கப்பூரில் இந்திய ஹை கமிஷனில் சான்றொப்பம் வாங்கி அனுப்பினால், ஊருக்குப் போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். பில் தொகையை மட்டும் நானே இங்கிருந்து அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். மாமாவுக்கும் அதுதான் நிம்மதி.