தாத்தாவின் துறையூரா, என் ஹட்டனா?

பிரித்தானியக் குடியுரிமை கிடைத்த அன்றே என் இலங்கைக் குடியுரிமை தானாகப் போய்விட்டது, சட்டம் அப்படி. எனக்கு இரண்டு வழி இருந்தது. தாத்தா தமிழ்நாட்டுத் துறையூர்ப் பக்கம் பிறந்தவர் என்பதால் இந்தியாவின் ஓசிஐ, அதாவது இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் அட்டை. நான் இலங்கை மலையகத்து ஹட்டனில் பிறந்தவன் என்பதால் இலங்கையின் இரட்டைக் குடியுரிமை. இரண்டாவதை எடுத்தேன்.

தெரிந்த விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓசிஐ என்பது பெயரில்தான் குடியுரிமை. ஆயுள் முழுக்கச் செல்லும் விசா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டு கிடையாது. விவசாய நிலமும் தோட்டமும் விலைக்கு வாங்க முடியாது. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்த பரம்பரைக்கு இப்படியொரு நிபந்தனை! இலங்கையில் கடவுச்சீட்டு உண்டு, ஓட்டு உண்டு. பாராளுமன்றத்துக்குப் போட்டியிட மட்டும் 2022இன் 21ஆம் திருத்தம் விடாது. எனக்கு அந்த ஆசையும் இல்லை. வெளிநாட்டவர் காணி வாங்குவதைத் தடுக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தும் இரட்டைக் குடியுரிமைக்காரருக்கு விலக்கு இருக்கிறது.

இவற்றையெல்லாம் விட எனக்குப் பெரிதாக இருந்தது பத்திரம்தான். ஓசிஐக்கு மூதாதை இந்தியர் என்ற சான்று வேண்டும். அவரிலிருந்து என்வரை உறவுக்கான அத்தாட்சியும் அறாமல் வரவேண்டும். தாத்தா ஏழு வயதில், தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் கங்காணியின் ஆட்களோடு, ராமேசுவரம் பக்கத்து மண்டபம் முகாம் வழியாக இலங்கைக்கு வந்தவர். பிறப்பைப் பதிந்த தடயமே இல்லை. தோட்டத்துச் செக்ரோலில் (தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) கருப்பையா, அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் கருப்பண்ணன். ஒரே ஆள்தான் என்று யாரிடம் போய் நிரூபிப்பது?

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எங்களைப் போல இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த மலையகத்தாரிடம் தகப்பன் இலங்கையில் பிறந்த அத்தாட்சியைக் கேட்டது. காட்ட முடியாதவர்கள் நாடற்றவர்களானார்கள். தாத்தா இங்கே பிறக்கவில்லை என்று அன்று எங்களைத் தள்ளினார்கள். அவர் அங்கே பிறந்ததற்குப் பத்திரம் கொண்டுவா என்று இன்று கேட்கிறார்கள்.

சின்னத்தாத்தா குடும்பத்தின் கதை வேறு. அந்த நாடற்றவர்களை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒத்துக்கொண்டதே, அந்தக் கணக்கில் இந்தியக் கடவுச்சீட்டு வாங்கிக் நீலகிரியில் உள்ள கோத்தகிரிக்குப் போனவர். டொரொன்டோவில் இருக்கும் அவர் பேரனுக்கு அந்தப் பழைய கடவுச்சீட்டை வைத்தே ஓசிஐ கிடைத்தது. ஓசிஐ பற்றி நான் இங்கே சொல்வதில் பாதி அவன் வாயால் கேட்டதுதான். வீட்டில் அப்படியொரு கடவுச்சீட்டு இருந்தால் என் பேச்சைக் கேட்காமல் விண்ணப்பித்துவிடுங்கள். ஆனால் பொது விதிப்படி, வளர்ந்தவர்களில் கொள்ளுப்பேரன் பேத்தியோடு அந்த உரிமை நின்றுவிடும். என் வீட்டுக் கணக்கில் பிள்ளைகள்தான் கடைசி.

இலங்கை விண்ணப்பத்தில் தாத்தாவைப் பற்றிக் கேள்வியே எழவில்லை. என் பிறப்புப் பத்திரம், பழைய கடவுச்சீட்டு, பிரித்தானியக் குடியுரிமைச் சான்றிதழ், கூடவே தொழிற்தகுதி. 55 வயது தாண்டியவர்களுக்கும் சொத்துள்ளவர்களுக்கும் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. அலைச்சல் இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு கையெழுத்துக்கு இரண்டு மாதம் காத்திருந்தேன். இன்னொரு பயமும் உண்டு. 2011இல் இந்தத் திட்டத்தையே நிறுத்திவைத்து 2015இல்தான் மறுபடி திறந்தார்கள். அதனால் தகுதி இருப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

துறையூருக்கு வருகிற தையில் போகிறேன், இ-விசாவில்.