அழகான கட்டை, அறுத்தெடுத்த ரிசீவர்: பழைய .375 போல்ட் துப்பாக்கி வாங்குவோர் கவனத்துக்கு

"மௌசர் 98, .375 எச் அண்ட் எச், பழைய ஆங்கிலேயப் பாணி, அதிகம் சுடாதது." மௌசர் 98 என்பது பழைய ஜெர்மன் ராணுவத் துப்பாக்கி; .375 எச் அண்ட் எச் (ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட்) என்பது பெரிய விலங்கு வேட்டைக்கான தோட்டா. இப்படிச் சொல்லி விற்கப்பட்ட துப்பாக்கி ஒன்று, முதல் பெட்டித் தோட்டா தீர்வதற்குள்ளேயே போல்ட் (தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பின்புறம் பூட்டும் இரும்பு உருளை) கைப்பிடியைத் தூக்க முடியாமல் இறுகிவிட்டது. வெளியே வந்த காலி உறைகளில், அடிப்பகுதியைச் சுற்றியுள்ள தடித்த பட்டையான பெல்ட்டுக்குச் சற்று முன்னால் பளபளவென்று ஒரு வளையம். உறை அந்த இடத்தில் அறுந்துபோகத் தயாராகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். விற்றவர் சொன்ன பதில்: "உங்கள் தோட்டா சரியில்லை." ரசீதில் "இருக்கும் நிலையில்" என்று எழுதியிருந்ததால் பணம் திரும்பவில்லை. குறை தோட்டாவில் இல்லை. துப்பாக்கியின் மரக்கட்டையைக் கழற்றியதும் எல்லாம் தெரிந்துவிட்டது. வாங்குவதற்கு முன்பே கழற்றியிருந்தாலும் இதே அளவுக்குத் தெரிந்திருக்கும்.

அடிப்படைக் கோளாறு நீளத்தில் இருக்கிறது. ராணுவ மௌசர் 98-ன் மேகசின் உள்நீளம் ஏறக்குறைய 84 மி.மீ. அது 8×57 தோட்டாவுக்காக அமைந்தது. 1912-ல் வந்த .375 எச் அண்ட் எச் தோட்டாவின் முழு நீளம் 91.4 மி.மீ. இதுபோன்ற நீளமான தோட்டாக்களுக்கென்றே மௌசர் நீளமான மேக்னம் ரிசீவர் (பேரல் பூட்டப்படும், போல்ட் ஓடும் நடு இரும்புப் பகுதி) செய்தது. அது அரிது, விலையும் அதிகம். அதனால் சாதாரண ராணுவ ரிசீவரை எடுத்து, மேகசினை முன்பக்கமும் பின்பக்கமும் அறுத்து நீட்டி, .375 பேரல் பூட்டி விற்பது பழைய பழக்கம். முன்பக்கம் நீட்டும்போது தேய்க்கப்படுவது தோட்டா ஏறிவரும் சரிவு. போல்ட்டின் கீழ்ப் பூட்டுக்காது (சுடும்போது போல்டைப் பிடித்து நிறுத்தும் இரும்புப் புடைப்பு) சாய்ந்து நிற்கும் தோளுக்கு முட்டுக் கொடுப்பதும் அதே இரும்புதான். அங்கே இரும்பைக் குறைத்துவிட்டு, முன்பைவிடப் பெரிய தோட்டாவையும் வைக்கிறார்கள். 8×57-ன் அடிப்பகுதி விட்டம் சுமார் 12 மி.மீ.; .375-க்கு பெல்ட்டுக்கு முன்னால் 13 மி.மீ. அழுத்தமும் கூடுதல், அது தள்ளும் பரப்பும் கூடுதல். ஒவ்வொரு சுடுதலிலும் பூட்டுக்காது தோளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பதிந்து பள்ளம் விழும். கைப்பிடி இறுகுவதற்குக் காரணம் அந்தப் பள்ளமே.

இதைப் பார்க்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. போல்டை உருவி, மேகசின் தட்டையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, சிறு டார்ச்சை மேலிருந்து அடியுங்கள். ஆலையிலிருந்து வந்த சரிவு அகலமாக, தடிமனாக, ஒரே சீராக இறங்கும். தேய்த்த சரிவு செங்குத்தாக நிற்கும், விளிம்பு கத்திபோல மெலிந்திருக்கும், பெரும்பாலும் அரத்தின் கோடுகளும் தெரியும். பிறகு வளைந்த முனையுள்ள பல் மருத்துவர் ஊசியைப் போல்ட் வழிக்குள் விட்டு, பூட்டுக்காது உட்காரும் தோள்களை வருடுங்கள். நகம் மாட்டுவதுபோல் ஒரு படி தட்டினால் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த இரும்பைத் திரும்பச் சேர்க்க முடியாது. வெல்டிங் செய்து சரிப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் நம்பவே வேண்டாம்; ரிசீவரின் பூட்டுப் பகுதியில் வெல்டிங் வெப்பம் பட்டால் இருக்கும் கடினமும் போய்விடும்.

விற்பவர் "பாருங்கள், எவ்வளவு வழுக்கிக்கொண்டு ஏறுகிறது" என்று காட்டும்போது அவர் கையில் இருக்கும் தோட்டாவை அளந்து பாருங்கள். குண்டை ஆழமாக அழுத்திச் சுருக்கிய போலித் தோட்டா எந்த மேகசினிலும் வழுக்கும். மருந்தும் பிரைமரும் இல்லாத, முழு நீளத்துக்கும் கட்டிய போலித் தோட்டாக்களை நீங்களே கொண்டுபோங்கள். மேகசினை நிரப்பி மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை, பக்கவாட்டில் சாய்த்து, தலைகீழாகப் பிடித்து என எல்லா நிலையிலும் ஏற்றி இறக்குங்கள். மௌசரின் பெருமை, உறையைப் பற்றி வெளியே இழுக்கும் அதன் நீண்ட நகம்போன்ற எக்ஸ்ட்ராக்டர். தோட்டா மேகசினை விட்டுக் கிளம்பும்போதே அதன் விளிம்பு நகத்துக்கு அடியில் புகுந்துவிட வேண்டும். அப்போதுதான் பதற்றத்தில் போல்டைப் பாதியில் பின்னிழுத்தாலும் இரண்டு தோட்டாக்கள் முட்டிக்கொள்ளாது. அகலமான .375-க்காக தோட்டாவை மேலிருந்து பிடித்திருக்கும் மேகசின் உதடுகளை அதிகமாக அரம் போட்டிருந்தால், தோட்டா நகத்தில் மாட்டாமலே துள்ளி மேலே வந்துவிடும். எருமை முன்னால் நிற்கும்போது இது உயிரைப் பறிக்கும் குறை. இன்னொன்று: தோட்டாவைக் கையால் அறைக்குள் போட்டுவிட்டு போல்டை அறைந்து மூடிக் காட்டுபவர், அந்த நகத்தின் முனையை உடைக்கப் பார்க்கிறார். இந்த வகை எக்ஸ்ட்ராக்டர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. முனை சிலும்பியிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

தோட்டாவின் அடி வந்து அமரும் போல்ட் முகத்தையும் பாருங்கள். பெல்ட் தோட்டாவுக்காக அதை 12 மி.மீ.யிலிருந்து 13.5 மி.மீ.க்கு விரித்திருப்பார்கள். வட்டம் மையம் தப்பியிருந்தால் ஒரு பக்க விளிம்பு காகிதம்போல் மெலிந்திருக்கும்.

டெலஸ்கோப்புக்கு இடம் கொடுக்க நேர்க் கைப்பிடியை அறுத்து, வளைந்த கைப்பிடியை ஒட்டவைப்பது இன்னொரு மாற்றம். வெப்பத்தை உறிஞ்சும் உலோகத் துண்டை உள்ளே வைக்காமல் வெல்டிங் செய்திருந்தால், ஸ்ட்ரைக்கரை (பிரைமரைக் குத்தும் ஊசியை) பின்தள்ளும் சரிவுப் பள்ளம் மென்மையாகிவிடும். அந்தப் பள்ளத்தில் தேய்மானமும் சிராய்ப்பும் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே.

சேஃப்டியை இப்படிச் சோதியுங்கள்: காலித் துப்பாக்கியில் சேஃப்டி போட்டு ட்ரிக்கரை அழுத்தி விடுங்கள். பிறகு ட்ரிக்கரைத் தொடாமல் சேஃப்டியை எடுங்கள். ஸ்ட்ரைக்கர் அப்போது விழுந்தால் துப்பாக்கி ஆபத்தானது. மூடிய போல்ட்டோடு கட்டையின் அடியை ரப்பர் சுத்தியலால் தட்டும்போதும் விழக்கூடாது.

ஹெட்ஸ்பேஸ் (பூட்டிய போல்ட்டுக்கும் அறையில் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) சோதனையை விற்பவரின் வாய்ச்சொல்லுக்கு விடாதீர்கள். பெல்ட் தோட்டாவுக்கான 'கோ', 'நோ-கோ' அளவிகளைத் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் வைத்திருப்பார். ஸ்ட்ரைக்கரையும் எக்ஸ்ட்ராக்டரையும் கழற்றிவிட்டு, ஒரே விரல் பலத்தில் போல்டை மூட வேண்டும். 'கோ'வில் மூடணும், 'நோ-கோ'வில் மூடக்கூடாது. பலமாக அழுத்தினால், மூடக்கூடாத இடத்திலும் போல்ட் மூடிவிடலாம்; அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. 

கட்டை. வாங்கியவரை மயக்கியது இதுதான்: ஆழ்ந்த நிறத்தில் வரிகள் ஓடிய வால்நட், கையால் கீறிய பிடி. ரிசீவரை எடுத்தபோது உள்ளே, ரீகாயில் காதுக்கு (உதைப்பை மரத்துக்குக் கடத்தும் ரிசீவரின் அடிப் புடைப்புக்கு) பின்னால் சாயம் கலந்த எபாக்சி பூசிய விரிசல். ரிசீவரின் வால்பகுதிக்குப் பின்னாலும் மயிரிழை விரிசல், எண்ணெய் மெருகால் மூடப்பட்டது. .375-ன் உதைப்பு முழுவதையும் அந்தக் காது மரத்தில் இறக்குகிறது. அங்கே மரம் சரியாகப் பொருந்தாவிட்டால் ரிசீவர் பின்னே நகர்ந்து வால்பகுதி ஆப்புபோல் கட்டையின் மெலிந்த பிடிப் பகுதியைப் பிளக்கும். வால்பகுதிக்குப் பின்னே ஒரு மி.மீ. அளவு இடைவெளி இருப்பது குறை இல்லை; வேண்டுமென்றே விடுவது. அது முழுக்க மூடியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். மரத்துக்குள் குறுக்கே செல்லும் இரும்புக் கம்பிகள் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். அத்தகைய கம்பியோ பேரலில் இரண்டாவது காதோ இல்லாத .375 பழைய வால்நட் கட்டையில் நெடுநாள் தாங்காது.

நீல மெருகைப் பார்த்து யாரும் வயதைக் கணிக்க வேண்டாம். எழுத்துகளின் ஓரம் மழுங்கி, ஸ்க்ரூ துளையின் வாய் தட்டுபோல் குழிந்திருந்தால் பழைய இரும்பைத் தேய்த்து மறுபடி நீலம் ஏற்றியிருக்கிறார்கள். மழுங்கிய எழுத்துகளுக்கு நடுவே '.375' மட்டும் கூர்மையாக நின்றால் அது பின்னால் அடித்த முத்திரை. பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளில் பேரலோ அறையோ மாறினால் துப்பாக்கியை மறுபடி சோதனைச் சாலைக்கு அனுப்பி முத்திரை பெற வேண்டும். அந்தப் புது முத்திரை இல்லாமல் புது காலிபர் மட்டும் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அமெரிக்க வேட்டைத் துப்பாக்கியான வின்செஸ்டர் மாடல் 70 தேடுவோருக்கும் இதே கதைதான். '1964-க்கு முந்தையது' என்ற சொல்லுக்கே தனி விலை. அந்த வகையின் வரிசை எண் 581,471-ஐத் தாண்டாது. 1964-ல் வந்த மாற்றியமைத்த துப்பாக்கிகள் 700,000-ல் தொடங்குகின்றன. பழைய போல்ட்டின் அடியில் ரிசீவர் எண்ணை மின் பேனாவால் கையெழுத்தாகப் பொறித்திருப்பார்கள். எண் ஒத்துப்போகாவிட்டால் போல்ட் வேறொரு துப்பாக்கியுடையது. ஹெட்ஸ்பேஸ் பாராமல் சுடக்கூடாது. வேட்டைக்கு மட்டும் என்றால், 1990-களில் நகம்வகை எக்ஸ்ட்ராக்டரோடு மறுபடி வந்த 'கிளாசிக்' குறைந்த விலைக்கு அதே வேலையைச் செய்யும். சேகரிப்பாளர் விலையை வேட்டைக்காரர் கொடுக்க வேண்டியதில்லை.

பழைய 8 மி.மீ. மௌசர் வேட்டைத் துப்பாக்கிகளில் பேரல் இருவகை: .318 அங்குலக் குண்டுக்கானது, .323-க்கானது. பெரிய குண்டைச் சிறிய பேரலில் சுடுவது அபாயம். மென் ஈயக் குண்டைப் பேரலுக்குள் தட்டி ஓட்டி, அதன் விட்டத்தை அளந்துவிட்டுத்தான் தோட்டாப் பெட்டி திறக்க வேண்டும். ஸ்பிரிங்ஃபீல்ட் 1903 என்ற அமெரிக்க ராணுவத் துப்பாக்கியை மாற்றிச் செய்த வேட்டைத் துப்பாக்கி என்றால் எண்ணைப் பாருங்கள்: ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில் 800,000-க்குக் கீழ், ராக் ஐலண்ட் ஆலையில் 285,507-க்குக் கீழ் உள்ள ரிசீவர்கள் சூட்டுப் பதம் தவறி நொறுங்கக்கூடியவை.

அந்த .375-ஐ வாங்கியவருக்கு உண்மையில் தேவைப்பட்டது சாதாரண நீள மௌசரில் இயல்பாகப் பொருந்தும் தோட்டா. 1905-ல் வந்த 9.3×62 அதற்கென்றே அமைந்தது, 18.5 கிராம் குண்டு, மேகசினில் ஒரு இழைகூட அறுக்க வேண்டியதில்லை. வேட்டையாடும் நாட்டின் சட்டம் .375-ஐக் குறைந்த அளவாக வைத்திருந்தால் மட்டும் மேக்னம் நீள ரிசீவருக்குச் செலவழியுங்கள்.

பணம் கொடுக்குமுன் ரசீதில் இவற்றை எழுதி வாங்குங்கள்: ரிசீவர் எண், போல்ட் எண், காலிபர், ரிசீவர் நீளம் "ஆலையில் அமைந்தபடியே" என்ற சொல், வாங்குபவர் தேர்ந்தெடுக்கும் பழுதுபார்ப்பவர் கட்டையைக் கழற்றிப் பார்க்கக் குறைந்தது 7 நாள், குறை இருந்தால் முழுப் பணமும் திரும்பும் என்ற வரி. கூடவே போல்ட் உருவிய நிலையில் சரிவின் படம், கட்டைக்குள் காது உட்காரும் இடத்தின் படம், பேரலின் அடிப்பக்கப் படம். வலப்பக்கத்தை மட்டும் பத்துக் கோணத்தில் எடுத்து அனுப்பிவிட்டு இந்த மூன்றையும் தள்ளிப்போடுபவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.