ஸ்பாம்காப்போடு எட்டு வருடம்: புகார் போகிறது, எங்கே என்றுதான் கேட்கக்கூடாது

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிற நண்பன் நேற்று கேட்டான்: "மச்சான், கம்பெனி மெயில்ல தினமும் குப்பையா வந்து விழுது, நீ ஏதோ புகார் அனுப்புவியே, அது வேலை செய்யுதா?" போனில் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் புகார் அனுப்புவது ஸ்பாம்காப் வழியாக, அதாவது ஸ்பாம் எனும் குப்பை மெயில்களைப் பற்றிப் புகார் கொடுக்க உதவும் இணையச் சேவை. 1998ல் ஆரம்பித்த அது இப்போது சிஸ்கோ நிறுவனத்தின் கையில் இருக்கிறது. முழு ஹெடரோடு (மெயில் எந்தெந்த சர்வர் வழியாக வந்தது என்று சொல்லும் தலைப்பு வரிகள்) மெயிலை அப்படியே ஒட்டினால் போதும், 'ரிசீவ்ட்' வரிகளில் எது நம் சர்வர் போட்டது, எது அனுப்பியவன் தானே எழுதிச் சேர்த்தது என்று பிரித்து, மெயில் நிஜமாகவே கிளம்பிய ஐபியை, அதாவது அந்தக் கணினியின் இணைய முகவரி எண்ணைக் காட்டும். போன வாரம் ஒரு வங்கியின் பெயரில் கேஒய்சி மெயில் வந்தது. ஹெடரில் அடியிலிருந்த வரியில் அந்த வங்கியின் சர்வர் பெயரையே போட்டிருந்தான். ஸ்பாம்காப் அதைச் சீந்தவே இல்லை. அதற்கு மேல் வரியில் இருந்த, எங்கோ வாடகைக்கு எடுத்த சர்வரின் ஐபியை நேராகப் பிடித்தது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அலுக்காது. (இந்த மாதிரி மெயிலில் ஏமாந்து பணமே போய்விட்டது என்றால் ஹெடரெல்லாம் அப்புறம், முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் போடுங்கள்.)

அடுத்த கட்டத்தில்தான் ரத்தக்கொதிப்பு. ஒவ்வொரு நிறுவனமும் 'அப்யூஸ்' என்ற பெயரில் ஒரு புகார் முகவரி வைத்திருக்க வேண்டும் என்று 1997லேயே ஆர்எஃப்சி 2142 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில் எழுதி வைத்துவிட்டார்கள். நம்ம ஸ்பாம்காப் அந்த முகவரியைத் தேடிக் கண்டுபிடிக்கிறார், கண்டுபிடித்துவிட்டு, "இங்கே அனுப்பினால் திரும்பி வருகிறது, அதனால் டெவ்நல்" என்கிறார். அதாவது புகார் கணக்கில் ஏறும், யாரும் படிக்கப்போவதில்லை. ஒருமுறை கோபத்தில் என் மெயிலிலிருந்தே, சர்வரை வாடகைக்கு விட்ட ஹோஸ்டிங் கம்பெனிக்கு நேராகப் புகார் அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் திரும்பி வந்தது. காரணம்? உள்ளே ஸ்பாம் இருக்கிறதாம். இருக்கத்தானே செய்யும், அதைத்தானே ஐயா அனுப்பினேன்!

நியாயமாகச் சொன்னால் இது ஸ்பாம்காப்பின் குற்றம் இல்லை. புகார்களை வைத்து அது போடும் ஐபி தடைப்பட்டியலைப் பார்த்துத்தான் பல மெயில் சர்வர்கள் மெயிலைத் தடுக்கின்றன, புதுப் புகார் வராவிட்டால் 24 மணி நேரத்தில் அந்த ஐபியும் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். ஆனால் 2021 ஜனவரி கடைசியில் அவர்களே தங்கள் இணையதளப் பெயரை (டொமைன்) புதுப்பிக்காமல் விட்டு, உலகத்து ஐபி எல்லாம் பட்டியலில் இருப்பதுபோல் பதில் போய், ஒழுங்கான மெயில்கள் திரும்பிய கூத்தையும் சொல்லாமல் விட முடியாது.

இத்தனை வருடத்தில் மனிதர் கைப்பட எழுதிய பதில் ஒன்றே ஒன்று. "அந்த வாடிக்கையாளரை நிறுத்திவிட்டோம், நன்றி" என்று ஒரு சின்ன ஹோஸ்டிங் கம்பெனிக்காரர் எழுதியிருந்தார். அன்று வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன், யாரும் கண்டுகொள்ளவில்லை.

நண்பனுக்கு: உனக்கு இது வேண்டாம். உனக்கு வருவதில் பாதி, உன் கம்பெனியைக் "கூகுளில் முதல் பக்கம்" கொண்டுவருகிறேன் என்கிற ஆசாமிகள் ஜிமெயிலிலிருந்து அனுப்புவது, அதில் கிடைக்கிற ஐபி கூகுளுடையதாகத்தான் இருக்கும், ஆளைக் காட்டாது. ஸ்பாம் பொத்தானை அமுக்கிவிட்டுப் போய் வேலையைப் பார்.

நான் இன்று காலை மூன்று அனுப்பினேன். இரண்டு டெவ்நல்.