தொண்டிக் கடலடிக்கு மேக்ஸென்ட் போதுமா?

கடலடியில் எந்த உயிரினம் எங்கே வாழக்கூடும் என்பதை வெப்பம், உவர்ப்பு, ஆழம் முதலிய சூழல் அளவுகளிலிருந்து கணிக்கப் பெரிதும் பயன்படும் மென்பொருள்களுள் ஒன்று மேக்ஸென்ட். பிலிப்ஸ், ஆண்டர்சன், ஷாபைர் ஆகிய மூவரின் 2006-ஆம் ஆண்டுக் கட்டுரையால் பரவலாக அறியப்பட்ட இது, இப்போது திறந்த மூல மென்பொருளாக விலையின்றிக் கிடைக்கிறது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை பாக் விரிகுடாக் கரையிலுள்ள தொண்டியில் இயங்குவதால், கடலே இல்லாத செட்டிநாட்டிலும் இதைப் பற்றி விசாரிக்கும் மாணவர்கள் உண்டு. இந்த மதிப்புரை அவர்களுக்கானது.

ஓர் உயிரினம் கிடைத்த இடங்களின் பட்டியல் மட்டும் இருந்தால் போதும், இல்லாத இடங்களை நிரூபிக்க வேண்டியதில்லை என்பதே இதன் பெரிய வசதி. சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் பிராணி ஓரிடத்தில் இல்லை என்று யாரால் உறுதியாகச் சொல்ல முடியும்? ஜாவா என்ற துணை மென்பொருளை நிறுவிய சாதாரண மடிக்கணினியே இதற்குப் போதும். ஆனால் சூழல் வரைபடங்கள் அனைத்தும் ஒரே எல்லையும் ஒரே கட்ட அளவும் கொண்டிருக்காவிட்டால் மென்பொருள் அவற்றை ஏற்காது. புதியவர்களின் நேரம் பெரும்பாலும் அங்கேதான் கரைகிறது.

கணிப்பின் தரத்தைக் காட்ட இது தரும் ஏயூசி என்ற மதிப்பெண்ணை நான் அவ்வளவாக நம்புவதில்லை. 0.5 என்றால் குருட்டாம்போக்கு, 1 என்றால் முழுத் தெளிவு என்பது கணக்கு. தொண்டிக் கரையோரக் கடல் அட்டையை ஆராயும்போது, ஒப்பீட்டுக்கான பின்னணிப் புள்ளிகளைப் பாக் விரிகுடாவுக்குள் மட்டும் எடுக்காமல் வங்காள விரிகுடா முழுவதிலிருந்தும் எடுத்தால், அட்டை ஆழ்கடலில் இல்லை என்ற ஊரறிந்த செய்தியைக் கண்டுபிடித்ததற்கே அந்த மதிப்பெண் உயர்ந்துவிடும். விரிகுடாவுக்குள் எந்தப் பகுதியில் அது இருக்கும் என்ற உண்மையான கேள்விக்கு அந்த உயர்வு விடையாகாது.

அடுத்த குறை மென்பொருளுடையதன்று, அதற்கு ஊட்டப்படும் தரவினுடையது. பலரும் நாடும் பயோ-ஆரக்கிள் என்ற கடற்சூழல் தரவுத் தொகுப்பின் மூன்றாம் பதிப்பு, கடலடி வெப்பம், உவர்ப்பு, கரைந்த ஆக்சிஜன் போன்றவற்றை 0.05 பாகைக் கட்டங்களில், அதாவது ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டருக்கு ஒன்றாகத் தருகிறது. ஆழ்கடலுக்கு அது தாராளம். ஆழம் குறைந்த பாக் விரிகுடாவிலோ, ஒரே கட்டத்துக்குள் கடற்புல் திட்டும் மணலும் சேறும் மாறி மாறி வரக்கூடும். வண்டலை விழுங்கி அதிலுள்ள கரிமப் பொருளை உண்டு வாழும் அட்டைக்கு, வெப்பத்தின் சிறு வேறுபாட்டைவிட அடித்தரையின் தன்மையே முக்கியம். வண்டல் வகையோ அந்தத் தொகுப்பில் இல்லை. மணல் எங்கே, சேறு எங்கே என்பது வலை போடும் தொண்டிக்காரர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்டு ஒரு வண்டல் வரைபடம் தயாரித்துச் சேர்ப்பது, மென்பொருளின் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிடப் பயன் தரும்.

உயிரினச் சமூகத்தைக் கணிக்க விரும்புவோர் இன்னொன்றையும் அறிய வேண்டும்: மேக்ஸென்ட் இனங்களைத் தனித்தனியாகவே கணிக்கிறது. வண்டலை அள்ளி 0.5 மில்லிமீட்டர் சல்லடையில் அரித்தெடுத்த மாதிரிகளை முதலில் ஒப்புமைப்படி குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஓர் இனம்போல் பாவித்து உள்ளிடுவது ஒரு வழி. இனவாரி வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது மற்றொரு வழி. எனினும் அடுக்கும்போது ஓரிடத்து இனங்களின் எண்ணிக்கை மிகையாகத் தெரிவது வழக்கம் என்பதால், நான் முந்தையதையே பரிந்துரைப்பேன்.

முதுகலை ஆய்வேட்டுக்கு இது தாராளமாகப் போதும். ஆர் (R) என்ற நிரல்மொழி பழகியவர்கள் ஜாவாவுடன் போராடாமல், அதே முறையைத் தரும் மேக்ஸ்நெட் தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம்.