வெர்ஷன் மாறும்போது பழைய கான்ஃபிக்: பூட்டி வைப்பதா, கேட்பதா, மாற்றி எழுதுவதா?

காரைக்குடியில் நாங்கள் விற்பது ஒரே பில்லிங் மென்பொருள்தான். ஆனால் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் அது ஒரு மாதிரி ஓடும், பலகாரக் கடையில் இன்னொரு மாதிரி. எந்த வசதி ஆன், எது ஆஃப் என்று கடைக்கு ஒரு கான்ஃபிக் ஃபைல். தலைவலி எல்லாம் புது வெர்ஷன் விடும்போதுதான்.

பழைய வெர்ஷனில் 'பார்சல்' ஒரே டிக். புதியதில் அதை உள்மாநிலம், வெளிமாநிலம் என்று பிரித்தோம், கூடவே ஒரு விதியும் போட்டோம்: காம்போசிஷன் (சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறை) ஆன் என்றால் வெளிமாநிலம் ஆன் ஆகக் கூடாது. ஜிஎஸ்டி சட்டமே அப்படித்தான், காம்போசிஷனில் இருப்பவர் வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்க முடியாது. அப்டேட் போனது தீபாவளி வாரம். மணகோலமும் சீப்புச் சீடையும் டின் டின்னாகக் கட்டி வைத்திருந்த ஆச்சி ஒருவர் கூப்பிட்டு, "தம்பி, பார்சல் பட்டனையே காணோமே" என்றார்.

நடந்தது இதுதான்: பழைய பெயர் இல்லை, அதனால் அதன் மதிப்பும் போச்சு. புது வசதி இரண்டும் டிஃபால்ட்டில், அதாவது யாரும் எதுவும் சொல்லாதபோது, ஆஃப். லினக்ஸ் கெர்னலில் (அந்த இயங்குதளத்தின் மையப் பகுதி) 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' என்ற கட்டளை போட்டாலும் இதே கதைதான், புது ஆப்ஷன் எல்லாவற்றுக்கும் சத்தமில்லாமல் டிஃபால்ட்டை எடுத்துக்கொள்ளும். கான்ஃபிக் செல்லும், ஒரு விதியும் மீறப்படவில்லை, ஆனால் கடை நின்றுவிட்டது! அதனால் இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பழைய வெர்ஷனிலேயே கடையைப் பூட்டி வைப்பது இன்னொரு வழி. முதல் மாதம் நிம்மதி. 2025 செப்டம்பர் 22-இல் பாக்கெட் மிக்சர் வகைக்கு வரி 12-இலிருந்து 5 சதவீதமானபோது பூட்டி வைத்த பழைய வெர்ஷன் ஒவ்வொன்றாக உட்கார்ந்து திருத்தினோம், அதோடு அந்த ஆசை விட்டது.

லினக்ஸின் இன்னொரு கட்டளையான 'மேக் ஓல்ட்கான்ஃபிக்' போல ஒவ்வொரு புது ஆப்ஷனுக்கும் கேள்வி கேட்கலாம். நல்ல வழிதான், ஆனால் கல்லாவில் கூட்டம் நிற்கும்போது பத்துக் கேள்வி வந்தால் யாராயிருந்தாலும் என்டரைத் தட்டிக்கொண்டே போவார்கள், அப்புறம் அதற்கும் டிஃபால்ட்டுக்கும் என்ன வித்தியாசம்?

விதிகளைத் தர்க்கச் சூத்திரமாக்கி சாட் சால்வரிடம் (எல்லா விதிக்கும் பொருந்தும் ஆன்-ஆஃப் சேர்க்கை உண்டா என்று தேடும் நிரல்) கொடுப்பது நான்காவது வழி. 30 டிக் இருந்தாலே 107 கோடிக்கு மேல் சேர்க்கை வரும், கையால் பார்க்க முடியாது. ஆனால் ஒரு கடையின் முழு கான்ஃபிக் செல்லுமா என்று பார்க்க சால்வரே வேண்டாம், விதிகளை ஒருமுறை ஓட்டினால் போதும். புது விதியால் எந்த வசதியையாவது இனி யாருமே ஆன் பண்ண முடியாமல் போய்விட்டதா, உடைந்ததை எவ்வளவு குறைவாக மாற்றிச் சரிசெய்யலாம், இந்தக் கேள்விகளுக்குத்தான் சால்வர். அங்கேயும் ஒரு சிக்கல். காம்போசிஷனும் வெளிமாநிலமும் சேர்ந்து ஆன் ஆகியிருந்தால் எதை எடுத்தாலும் ஒரு டிக்தான், சால்வருக்கு இரண்டும் சமம். கடைக்காரருக்கு ஒன்று சில ஆர்டர், மற்றது வரிப் பதிவையே மாற்றுவது. அதை ஆடிட்டரோடு உட்கார்ந்துதான் முடிவு செய்வார்.

ஆகவே என் ஓட்டு மைக்ரேஷன் ஸ்கிரிப்டுக்கு, அதாவது பழைய கான்ஃபிகைப் புதியதாக மாற்றி எழுதும் சின்ன நிரலுக்கு. வசதியைப் பிரித்தவருக்குத்தான் பழைய டிக்கின் அர்த்தம் தெரியும். பிரிக்கும் அன்றைக்கே 'பழைய பார்சல் ஆன் என்றால் உள்மாநிலம் ஆன்' என்று அவரே எழுதிவிட வேண்டும். பிறகு எல்லாக் கடை கான்ஃபிகையும் விதிகளில் ஓட்டிப் பார்த்து, தேறாததற்கு மட்டும் கேள்வி. எழுதுவதற்கு நேரம் பிடிக்கும், ஆளுக்கு ஆள் மறப்பார்கள், அதனால் ஸ்கிரிப்ட் இல்லாமல் வசதியின் பெயரை மாற்றினால் புது வெர்ஷனைத் தயாரிக்கும் பில்டே ஓடாதபடி வைத்துவிட்டோம்.

ஆச்சியிடம் போனிலேயே கேட்டேன், வெளிமாநிலத்துக்கு அனுப்புவீர்களா என்று. "மதுரை, திருச்சியோட சரி தம்பி. பெங்களூருக்குப் பேத்தி வந்து எடுத்துக்கிட்டுப் போவா."