துணியைக் கேட்ட பிறகே விலை சொல்லும் அச்சுக்கூடம்

திருப்பூர் காதர்பேட்டையிலிருந்து நடந்து போகும் தொலைவில், ஒரு சந்துக்குள் இயங்கும் இந்தச் சிறிய கூடத்தில் ஸ்க்ரீன் பிரிண்டிங், டி.டி.எஃப். (படலத்தில் அச்சிட்டுத் துணிக்கு மாற்றும் முறை), கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் நடக்கின்றன. நிட்டிங், சாயம், அச்சு, தையல் என ஒவ்வொன்றும் பெரும்பாலும் தனித்தனி ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் நடக்கும் ஊரில், சில்லறை ஆர்டரோடு வருபவருக்கு இது பெரிய வசதி. எங்கள் ஊர் வள்ளி கும்மிக் குழுவுக்கு 60 பருத்தி டி-ஷர்ட்டுகள், ஆட்டம் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கு 12 காலர் டி-ஷர்ட்டுகள், கபடி ஆடும் பையன்களுக்கு 14 ஜெர்ஸிகள் என மூன்று வேலைகளை இங்கே கொடுத்தோம்.

பெரும்பாலான கடைகளில் டிசைனைக் காட்டியவுடன் விலை சொல்லிவிடுகிறார்கள். இங்கே உரிமையாளர் முதலில் கேட்டது, "துணி என்னதுங்ணா? எத்தனை பீஸுங்க? தினமும் தொவைப்பீங்களா, விசேஷத்துக்கு மட்டுந்தானுங்களா?" என்பதைத்தான். காட்டன் என்று சொல்லி எங்களுக்கு விற்கப்பட்டிருந்த ஜெர்ஸியிலிருந்து ஒரு நூலை உருவித் தீயில் காட்டினார். பருத்தியாக இருந்தால் உதிர்ந்துபோகும் மெல்லிய சாம்பல் மிஞ்சும். இதுவோ உருகிக் கெட்டியான மணியாகச் சுருண்டது. பாலியஸ்டர் என்பது உறுதியான பிறகுதான் எந்த வேலைக்கு எந்த முறை என்ற பேச்சே தொடங்கியது. இந்தக் கூடத்தைப் பரிந்துரைக்க எனக்கு இந்த ஒரு பழக்கமே போதும்.

கும்மிக் குழுவின் அரக்கு நிற டி-ஷர்ட்டுகளுக்கு, மார்பில் இரண்டு நிறங்களில் குழுவின் பெயரும் முத்திரையும் ஸ்க்ரீன் முறையில் அச்சாயின. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்க்ரீன், அதாவது டிசைன் உள்ள இடத்தில் மட்டும் மையை விடும் வலைச்சட்டம், எடுக்க வேண்டும். அந்தச் செலவு பத்து பீஸுக்கும் ஒன்றுதான், நூறு பீஸுக்கும் ஒன்றுதான் என்பதால், எண்ணிக்கை கூடக்கூட ஒரு பீஸின் விலை இறங்குகிறது. அடர்நிறத் துணியில் மஞ்சள் மஞ்சளாகவே தெரிய வேண்டுமானால் அடியில் ஒரு வெள்ளைப் பூச்சு தேவை; அதற்கும் ஒரு ஸ்க்ரீன் கூடுகிறது. இதை முன்கூட்டியே சொல்லிக் கணக்குப் போட்டதால், பில்லில் புதிதாக எதுவும் முளைக்கவில்லை. துணியின் சாயத்தையே வெளுத்து அச்சிடும் டிஸ்சார்ஜ் முறையையும் நான் கேட்டேன். கைக்குத் தட்டுப்படாத மென்மை அதில் கிடைக்கும். ஆனால் துணிக்கு ஏறிய சாயம் எது என்பதைப் பொறுத்தே வெளுப்பு அமையும் என்பதாலும், கடையில் வாங்கிய டி-ஷர்ட்டின் சாயம் யாருக்கும் தெரியாது என்பதாலும், அது வேண்டாம் என்று அவரே தடுத்துவிட்டார்.

பயன்படுத்திய மை பிளாஸ்டிசால். இது காற்றில் காயும் மை அன்று. ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸ் வெப்பம் மையின் அடிவரை ஏறினால்தான் இறுகும். மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்ததாகத் தோன்றி, உள்ளே வேகாமல் விட்ட அச்சுதான் துவைத்தபின் வெடித்து உதிர்கிறது. கூடத்தில் முதல் பீஸை அச்சிட்டதும் இருபுறமும் இழுத்துக் காட்டினார்கள், விரிசல் விடவில்லை. பலமுறை துவைத்த பின்னும் எழுத்துகள் அப்படியே இருக்கின்றன. உட்புறத்தைத் திருப்பித் தேய்த்தால் போதும், அச்சின்மேல் இஸ்திரிப் பெட்டி படக்கூடாது.

முதுகில் ஒவ்வொருவர் பெயரும் வேண்டும் என்றபோது ஸ்க்ரீன் கட்டுபடியாகாது என்பது வெளிப்படை. அதற்கு டி.டி.எஃப். பொருந்தியது: படலத்தில் அச்சிட்டு, பசைத்தூள் தூவி உருக்கி, ஹீட் பிரஸ்ஸில் சில நொடிகள் அழுத்திப் படலத்தை உரித்துவிடுகிறார்கள். அறுபது பெயர்களும் வெவ்வேறாக இருந்தாலும் தனியாக ஸ்க்ரீன் செலவு இல்லை. குறை என்னவென்றால், பெரிய பரப்பை முழுக்க நிரப்பினால் மார்பில் மழைக்கோட்டு ஒட்டியதுபோல் ஆகிவிடும். மணிக்கணக்கில் வியர்க்க வியர்க்க ஆடும் கும்மிக்கு அது ஆகாது என்று சொல்லி, பெயர் எழுத்துகளோடு நிறுத்திக்கொண்டார்கள். மார்பு முத்திரையையும் டி.டி.எஃப்.பிலேயே முடித்திருந்தால் அவர்களுக்கு வேலை குறைந்திருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஜெர்ஸிகளுக்குச் சப்ளிமேஷன்தான் சரி. ஏறத்தாழ 200 டிகிரியில் சாயம் ஆவியாகிப் பாலியஸ்டர் இழைக்குள்ளேயே புகுந்துவிடுவதால் அது உரிவதில்லை, தடவினாலும் தெரிவதில்லை. ஆனால் வெள்ளை அல்லது வெளிர்நிறத் துணியில் மட்டுமே எடுக்கும். நாங்கள் கொண்டுபோனவையோ சிவப்பு. அதன்மேல் வெள்ளை மையில் அச்சிட்டாலும், சூட்டில் துணியின் சாயம் மைக்குள் ஏறி வெள்ளை நாளடைவில் இளஞ்சிவப்பாகிவிடும் என்றார். ஜெர்ஸிகளைத் திருப்பிக் கொடுத்து வெள்ளையை வாங்கினோம். இந்த வேலையை அவர்கள் வெளியே இன்னொரு யூனிட்டுக்கு அனுப்புகிறார்கள். மற்றவை முடிந்த பிறகும் ஜெர்ஸிக்காகக் காத்திருக்க நேர்ந்தது.

காலர் டி-ஷர்ட்டுகளுக்கு எம்ப்ராய்டரி. விலை, தையல் எண்ணிக்கையை ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிட்டு வருகிறது. டிசைனை மெஷினுக்கு ஏற்றபடி மாற்றும் பஞ்சிங் கட்டணம் ஒருமுறை மட்டும். எங்கள் முத்திரையில் ஊர்ப்பெயர் மிகப் பொடியாக இருந்தது. சுமார் ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்தால் தமிழ் எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொள்ளும் என்று சொல்லி, அந்த வரியைப் பெரிதாக்கச் செய்தார்கள். 220 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 220 கிராம்) எடையுள்ள, பிக்கே என்ற தடித்த பின்னல் துணி தையலின் இழுப்பைத் தாங்கியது. சாதாரண டி-ஷர்ட்டுகளின் மெல்லிய சிங்கிள் ஜெர்ஸித் துணியாக இருந்தால் முத்திரையைச் சுற்றித் துணி சுருங்கியிருக்கும். வெளிப்புறம் குறை சொல்ல முடியாத வேலை. உட்புறத்திலோ, தையலுக்கு அடியில் தாங்கலாக வைக்கும் பேக்கிங் பேப்பரை ஒழுங்காகக் கத்தரிக்கவில்லை. சில பீஸ்களில் அது மார்பை உறுத்துகிறது.

வேறு குறைகளும் உண்டு. சாம்பிளை வாட்ஸ்ஆப் படமாக அனுப்பி ஒப்புதல் கேட்கிறார்கள். அலைபேசித் திரையில் தெரியும் மஞ்சளை நம்பி யாரும் சரி என்று சொல்லக்கூடாது, நேரில் போய்ப் பார்க்க வேண்டும். நாம் கொண்டுபோகும் துணி அச்சில் பாழானால் யார் பொறுப்பு என்பது எழுத்தில் இல்லை. ஏற்றுமதி வேலையில் வெட்டிய துண்டுகளில் அச்சிட்ட பிறகே தைப்பது வழக்கம் என்பதால் ஒரு துண்டுதான் வீணாகும். தைத்து முடித்த டி-ஷர்ட்டில் பிசகினால் முழுச் சட்டையும் போய்விடும். ஆகவே, ஒவ்வொரு அளவிலும் ஓரிரு பீஸ் கூடுதலாக வாங்கிப் போவது நல்லது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சொன்ன தேதி நிற்காது என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். பஞ்சிங் செய்த கோப்பைக் கேட்டால் மறுக்காமல் தருகிறார்கள், கேட்காவிட்டால் தருவதில்லை. காசு கொடுத்துச் செய்தது என்பதால் பில் கட்டும்போதே அதை வாங்கிக்கொள்ள வேண்டும்.